மாமாவுக்கு ஒரு நாலுகால் மண்டபம்

என் மாமியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேறொருத்தியின் புருஷனுக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் ஜெர்மன் அம்மாளின் கணவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு கறுப்புக் கல், கல்லுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண், அதில் பருவத்துக்கு ஒரு பூச்செடி. அந்த அம்மாளுக்கு மூட்டு வலி. நீர்வாளியைத் தூக்க முடியாது என்பதால் மாமி கூடப் போக ஆரம்பித்தார். நல்ல காரியம்தான். ஆனால் மாமா இறந்த பிறகு, மழை பெய்கிற ஞாயிறுகளிலும் போனார். நனைந்து கிடக்கிற செடிக்கு எதற்கு மாமி தண்ணீர் என்று கேட்டேன். குனிந்து காலில் சப்பாத்து நாடாவைக் கட்டினார்.

நான் தஞ்சாவூர்க்காரி. கட்டடக்கலை படித்துவிட்டு மேற்படிப்புக்கு ஜெர்மனி வந்தவள். இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, ரூர் பகுதியின் பழைய சுரங்க ஊர் ஒன்றில், மாமியின் வீட்டுக்கு நேர் மாடியில் குடியிருக்கிறேன். மாமா யுத்த காலத்தில் இங்கே வந்தவர். இருபத்தேழு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. கீழ்வீட்டுக்காரரும் அவரும் ஒரே ஷிப்ட், ஒரே பஸ். மாமாவின் ஜெர்மன் ஒரு கைப்பிடி தேறும். இருந்தும் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைச் சீண்டுவதில் மாமாவுக்கு அலாதி ஆசை. “பிள்ளை, உங்கட பெரிய கோயில் கோபுரத்தின்ர நிழல் நிலத்தில விழாதாமே?” என்பார். அது கட்டுக்கதை மாமா, விழும், என்று நான் தாளும் பென்சிலும் எடுத்து, சூரியன் எங்கே, விமானம் எங்கே, நிழல் எங்கே என்று கோடு போட்டு விளக்குவேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்பார். அடுத்த வாரம் அதே கேள்வியை அதே முகத்தோடு மறுபடியும் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தன் சாம்பல் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த நாட்டில் அஸ்திக் கலசத்தை வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியாது. கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும். இல்லையென்றால் வெளிநாட்டில் அதற்கு இடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாமி எழுதிக் கொடுத்தார். இறந்தவரின் இறுதி இடம் இலங்கை, இங்கே எதுவும் எஞ்சாது என்ற தாளைச் சமையலறை மேசையில் வைத்து, எழுதாத பேனாவை இரண்டு தரம் உதறி, கையெழுத்துப் போட்டார். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் கொழுந்தன் கலசத்தோடு விமானம் ஏறினான். முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில் முறைப்படி முடிந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

ஒரு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி தலை நிமிராமல் கேட்டார்.

“பிள்ளை, நீர் கட்டிடப் படிப்புத்தானே படிச்சனீர்?”

“ஆமா மாமி. ஏன்?”

“அவருக்கெண்டு இஞ்ச ஒரு இடம் இல்லை. போய் நிண்டு நாலு வார்த்தை கதைக்க ஒரு இடம். கிழமைக்குக் கிழமை கீரிமலைக்குப் போக ஏலுமே? கீழ்வீட்டு மனிசிக்கு இருக்கு. எனக்கு இல்லை.”

கல்யாணமாகி ஆறு வருடத்தில் மாமி என்னிடம் ஒரு கரண்டி உப்புக்கூடக் கேட்டதில்லை. “நான் பாத்துக்கறேன் மாமி” என்றேன். என் வீட்டில் என்னை அவசரக்குடுக்கை என்று சும்மாவா சொன்னார்கள்.

என் புத்தி நேராக ராஜகோரிக்குப் போய்விட்டது. தஞ்சாவூரில் மராட்டிய அரச குடும்பத்தாரை எரித்த இடம் அது. கல்லூரியில் படித்தபோது அளந்து வரைபடம் போடச் சொல்லி எங்களை அங்கே அனுப்பினார்கள். சுற்றிலும் முள்ளும் புதரும், நடுவில் செங்கல்லும் சுண்ணாம்புமாய்க் குவிமாடங்கள். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி, பாம்பு வருமோ என்று காலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அடுத்த வருடம் கல்லூரிச் சுற்றுலாவில் ராஜஸ்தான் போனபோது அதே சங்கதியை ஆடம்பரமாகப் பார்த்தேன். அங்கே சத்ரி என்கிறார்கள். சதுர மேடை, மூலைக்கு ஒரு தூண், தூண்களுக்கு மேல் வெயில் மறைக்க வெளியே நீண்ட கொடுங்கை, அதற்கு மேல் குவிமாடம், உச்சியில் கலசம். ராஜாவை எரித்த இடத்தில் அதைக் கட்டுவார்கள். சாம்பல் ஆற்றோடு போயிருக்கும். பெட்டி இல்லை, குழி இல்லை, நாலு பக்கமும் காற்று வந்து போகும். ஆள் இல்லை, ஆனாலும் ஆளுக்கென்று ஓர் இடம். மாமாவுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் ஆளைப் பார்க்க டெர்மின் என்கிற நேரம் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதிகாரி இளைஞர், மரியாதையானவர். நான் கொண்டுபோன படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தார்.

“அழகான கல்லறைகள்” என்றார்.

“கல்லறை இல்லை. உள்ளே யாரும் கிடையாது.”

“யாருமே?”

“யாருமே. வெறும் நினைவு மண்டபம். என் மாமனாருக்கு இதைப் போல் சின்னதாக ஒன்று வைக்க இடம் வேண்டும்.”

“உங்கள் மாமனாரின் அஸ்திக் கலசம் எங்கே இருக்கிறது?”

“இலங்கையில் கடலில் கரைத்துவிட்டோம்.”

“அப்படியானால் இங்கே அடக்கம் செய்ய எதுவும் இல்லை.”

“இல்லை. அதைத்தான் அரை மணி நேரமாகச் சொல்கிறேன்.”

அடக்கம் இல்லாமல் இடம் தர விதியில் வழி இல்லை என்றார். இடம் இல்லாமல் கல் வைக்க முடியாது. கல்லும் இடுப்புயரம் தாண்டக் கூடாது, கூரை எந்த வகையிலும் கூடாது. இதையெல்லாம் குரல் உயராமல், என் மேல் உண்மையான இரக்கத்தோடு சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. கத்துகிற ஆளாக இருந்தால் நானும் கத்தியிருக்கலாம். நான் கத்தாமல், நிறைய மண்டபங்கள் உலகத்தில் இப்படித்தான் இருக்கின்றன என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் எழுந்து போய் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு ஒரு யோசனையோடு திரும்பி வந்தார். என் மாமியார் தனக்கென்று இப்போதே ஓர் இடத்தைப் பதிவு செய்துகொள்ளலாமாம். பிற்காலத்தில் அவர் அங்கே வரும்போது கல்லில் கணவரின் பெயரையும் சேர்த்து வெட்டிக்கொள்ளலாமாம்.

இதை நான் அப்படியே மாமியிடம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“எனக்கு இப்பவே கிடங்கு வெட்டச் சொல்லுறானோ?” என்றார் மாமி. “நானும் கீரிமலைக்குத்தான் போவன். பிறகு அந்தக் கிடங்குக்கை ஆர் படுக்கிறது?”

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, “தோட்டத்தில வைக்க ஏலாதோ?” என்று கேட்டார்.

தோட்டம் என்றால் ரயில் பாதைக்குப் பின்னால் வரிசையாக வேலி போட்டுப் பிரித்திருக்கும் சங்கத் தோட்டங்களில் ஒன்று. வீட்டோடு மண் இல்லாதவர்கள் சங்கத்தில் சேர்ந்து குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் துண்டு நிலம். மாமா அதில் மிளகாய், பூசணி, வெண்டி என்று என்னென்னவோ போட்டு, பாதி இங்கத்துக் குளிரில் செத்துப்போக, மீதியை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குத்தகை இப்போது மாமியின் பெயரில். எனக்கு இது முதலிலேயே தோன்றாமல் போனதற்கு என் மேலேயே கோபம் வந்தது.

சங்கத் தலைவருக்குப் போன் செய்தேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா வைத்திருப்பார். பந்தல் போல ஒன்று வைக்கலாம், தடை இல்லை என்றார். ஆனால் கான்கிரீட் கூடாது. ஏப்ரலில் போட்டால் அக்டோபரில் கழற்றிவிட வேண்டும். ராஜாக்கள் கட்டியது நூற்றாண்டுகளாக நிற்கிறது. என் மாமாவுடையது வருடத்தில் பாதி நாள் சாக்கில் கட்டிக் கிடக்கும். பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலு மரத்தூண், எட்டு வளைந்த விலா, மேலே இழுத்துக் கட்டும் கித்தான். போல்ட்டைத் திருகினால் பிரியும், திருகினால் சேரும். தூண் நிற்க நாலு கல் பலகைகளை நானும் என் கணவரும் மண்ணில் பதித்தோம். தச்சரிடம் மரமும் வெட்டக் கொடுத்தாகிவிட்டது. விண்ணப்பம் ஒன்றுதான் பாக்கி.

அந்த விண்ணப்பத்தில்தான் நான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கட்டடக்கலைக் கல்லூரியில் எங்களுக்குக் குட்டிக் குட்டி ஏற்றிய பழக்கம் ஒன்று உண்டு. வரைபடம் ஒருநாளும் தனியாகப் போகக் கூடாது. கூடவே கருத்துக் குறிப்பு ஒரு பக்கம் போக வேண்டும். இந்த வடிவம் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, இதன் ஆத்மா என்ன என்று எழுதாவிட்டால் வரைபடத்தை ஆசிரியர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆகவே நான் எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து, நல்ல ஜெர்மனில், சத்ரி என்றால் என்ன, அரசர்கள் இறந்தால் எப்படி எழுப்புவார்கள் என்று எழுதி, ராஜகோரிப் படம் ஒன்றும் ராஜஸ்தான் படங்கள் மூன்றும் ஒட்டி, அடியில் ‘அரச குடும்பத்து நினைவிடங்கள்’ என்று விளக்கமும் போட்டு அனுப்பினேன். தோட்டத்தில் பந்தல் போட ஆத்மா எதற்கு? யாராவது கேட்டார்களா?

சங்கத்தின் கூட்டத்தில் நான் எழுதிய அந்தப் பக்கம் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. அடுத்த துண்டு நிலத்துக்காரர், சின்னக் குழந்தைகள் இருப்பவர், தன் வேலிக்குப் பக்கத்தில் யாரைப் புதைக்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

தலைவர் நேரில் தோட்டத்துக்கு வந்தார். நாலு கல்லையும் அளந்தார். மாமாவின் பூசணியைப் பற்றி இன்றைக்கும் என் மனைவி பேசுவாள் என்றார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“தோட்டத்தில் கல்லறை வைக்கச் சட்டம் இடம் தராது.”

“இது கல்லறை இல்லை. உள்ளே யாரும் கிடையாது.”

“அதை எழுத்தில் தந்தால் போதும்.”

கல்லறைத் தோட்டத்தில் உள்ளே யாரும் இல்லை என்பதால் இடம் இல்லை. இங்கே உள்ளே யாரோ இருப்பார்களோ என்பதால் அனுமதி இல்லை. ஒரே படங்களை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் ஒரே பதிலைச் சொல்லி இரண்டு இடத்திலும் தோற்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அங்கேயே அந்த நாடாவைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. ஆனால் மனிதர் நல்லவர். எல்லாம் முடித்துக் கையோடு தாளும் கொண்டுவந்திருந்தார். குத்தகைக்காரர் கையெழுத்துப் போட்டால் மறுநாளே தூண் நடலாம். தாளில் இரண்டே வரி. இந்தப் பந்தலின் கீழ் எந்த எச்சமும் இல்லை, வைக்கப்படவும் மாட்டாது. இந்தப் பந்தல் இறந்தவர் எவருடைய நினைவுக்காகவும் எழுப்பப்படவில்லை.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சமையலறை மேசையில் தாளை வைத்து மாமியிடம் பேனாவை நீட்டினேன்.

“இதில என்ன கிடக்கு?”

“சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மாமி. இது சாதாரண பந்தல்தான், யாரோட ஞாபகார்த்தமும் இல்லன்னு.”

“ஆரின்ர ஞாபகமும் இல்லையெண்டோ?”

“பேப்பர்ல மட்டும் மாமி. சைன் பண்ணிட்டீங்கன்னா நாளைக்கே வெச்சிடலாம்.”

மாமி பேனாவை வாங்கவில்லை. தாளை மட்டும் எடுத்து, படிக்கத் தெரிந்தவரைப் போல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையில் வைத்தார்.

“அவர் இஞ்ச இல்லையெண்டு ஒருக்கா எழுதிக் குடுத்திட்டன் பிள்ளை. இன்னொருக்கா எழுத எனக்கு ஏலாது.”

நான் கத்திவிட்டேன். எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கத்தல். அந்த இளைஞரிடம் கத்தாதது, தலைவரிடம் கத்தாதது எல்லாம் மாமியின் மேல் கொட்டியது. உங்களுக்காகத்தானே இவ்வளவும் அலைந்தேன், ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிடிவாதமா, தூணெல்லாம் வெட்டி வந்து கிடக்கிறதே என்று என்னென்னவோ சொன்னேன். நான் முடித்ததும் மாமி தேத்தண்ணி போட்டு என் முன்னால் வைத்தார். அதைக் குடிக்கவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது; கோபமும் போகவில்லை.

வீட்டுக்கு வந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வெறும் பந்தல் எண்டு எழுதியிருக்கலாமே, அந்த ஒரு பக்கத்தை ஏன் வைச்சனீ?” என்றார். அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை. சரியாகச் சொன்னவரோடு பேசாமலிருப்பது கஷ்டமான வேலை.

பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. குத்தகையை என் பெயருக்கு மாற்றிவிட்டால், கையெழுத்து நான் போடலாம். அதற்கு ஓர் ஆன்ட்ராக், மறுபடியும் விண்ணப்பம். அதற்கு ஒன்றரை மாதம். கடைசியில் மாற்றி வந்தது. மாமியிடம் சொன்னேன்.

“நீர் கையெழுத்து வைக்கிறதெண்டால் வையும்” என்றார். “உமக்கு அவர் மாமாதானே.”

அதில் குத்தல் இல்லை. குத்தலாக இருந்தால் நான் உடனே போட்டிருப்பேன். உண்மையைத்தான் சொன்னார், எனக்கு மாமாதான். அந்த வார்த்தையோடு மாடிக்கு வந்து, என் வரைபட மேசையில் தாளை விரித்தேன். எழுதக் கைவைத்தபோது மேசையின் ஓரத்தில் பழைய தாள் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு முக்கோணம், ஒரு வட்டம், சாய்வாக ஒரு கோடு. சூரியன் எங்கே, விமானம் எங்கே, நிழல் எங்கே. எத்தனையாவது தடவை போட்டது என்று தெரியவில்லை. ஓரத்தில் மாமாவின் தேத்தண்ணிக் கோப்பை பதித்த வளையம் இருந்தது.

இந்தப் பந்தல் இறந்தவர் எவருடைய நினைவுக்காகவும் எழுப்பப்படவில்லை. இதற்குக் கீழே என் பெயரை எழுத வேண்டும். நான் தினமும் பத்து வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவள். முடியவில்லை. பேனாவை உதறிக்கூடப் பார்த்தேன்; பேனா நன்றாகத்தான் எழுதியது. மாமியைத் திட்டியதை நினைத்து, அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன்.

இப்போது அக்டோபர். அனுமதி இருந்திருந்தாலும் கழற்ற வேண்டிய மாதம். நாலு தூணும் எட்டு விலாவும் தோட்டத்துக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் கிடக்கின்றன. தாள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாலு கல் மட்டும் மண்ணில் இருக்கிறது. தலைவர் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை அலைச்சலுக்கும் கையில் என்ன மிஞ்சியது என்று கணவர் கேட்டால், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு நானும் மாமியோடு போனேன். கீழ்வீட்டு அம்மாளுக்குக் குளிரில் மூட்டு பிடித்துக்கொண்டதால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் குழாயில் வாளியை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். மாமி செடிகளுக்கு ஊற்றினார், சருகைப் பொறுக்கினார், கல்லை ஒரு துணியால் துடைத்தார். பிறகு நேராக நின்று, கல்லைப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்தார்.

“அண்ணை, பூசணி இந்த முறை மூண்டுதான் காய்ச்சது. சின்னவனுக்கு ஸ்டுட்கார்ட்டில புது வேலை கிடைச்சிட்டுது. எல்லாம் அவரிட்டச் சொல்லிவிடுங்கோ.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பெஞ்சில் இருந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இது வாராவாரம் நடப்பதுதான் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

“மாமி,” என்றேன் மெல்ல, “அவருக்குத் தமிழ் தெரியாதே.”

“இருபத்தேழு வருசம் ஒரே பஸ்,” என்றார் மாமி. “எங்கட ஆள் என்னத்தைக் கதைச்சாலும் இவருக்கு விளங்கினதுதானே.”

பிறகு மறுபடியும் கல்லின் பக்கம் திரும்பினார். “இன்னொண்டு அண்ணை. அவற்ற ஞாபகத்துக்கு இல்லையெண்டு எழுதிக் குடுக்கச் சொன்னவங்கள். நான் கையெழுத்து வைக்கேல்லை. இவவும் வைக்கேல்லை. மறக்காமல் அதைச் சொல்லுங்கோ.”

வாளியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். “உமக்கு ஏதும் சொல்லக் கிடந்தால் சொல்லும்.”

எட்டு மாதம் எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசியவளுக்கு அந்தக் கல்லுக்கு முன்னால் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. வாளியைக் கீழே வைத்தேன். பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் நிலத்தில் விழும் என்று மாமாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.